மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிடம் கேட்கிறார்

வயிறு ஏறவில்லை. இல்லை, ஏறியது, நான் கண்ணை இமைத்த நேரத்தில் ஏறி இறங்கியிருக்கிறது, மூச்சு இருக்கிறது, இன்னொருக்கால் ஏறட்டும், ஏறினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடலாம். ஏறிவிட்டது. ஆனாலும் எழும்ப மனம் வரவில்லை. ஒட்டி என் மடியில், என் பழைய கம்பளிச் சட்டைக்குள் வளையமாகச் சுருண்டு கிடக்கிறான், மூக்கு வாலடியில் புதைந்திருக்கிறது, வால் என்று சொல்கிறேனே தவிர அதில் இப்போது மயிர் இல்லை, இலையுதிர் காலத்தில் கொட்டத் தொடங்கியது, இப்போது வெறும் ரோஸ் நிறத் தண்டு. சன்னலுக்கு வெளியே ஸ்காபரோவின் பெப்ரவரி மத்தியானம், வீதியும் வானமும் ஒரே சாம்பல், கீழே பஸ் ஒன்று உப்புக் கரைந்த சேற்றைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தம். ஃபெரெட் என்கிற இந்தக் கீரிச்சாதி நித்திரை கொண்டால் செத்தது போலத்தான் கொள்ளும், தூக்கினால் நனைந்த துவாய்த் துண்டு மாதிரித் தொங்கும், வந்த புதிதில் அப்படித் தொங்கினவனைக் கையில் ஏந்திக்கொண்டு நான் கீழ்மாடிக்கு ஓடியிருக்கிறேன், மெர்சி கதவைத் திறந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தவா, அவன் நித்திரை, வெறும் நித்திரை என்றாள். அன்றைக்குச் சிரிக்கலாம். இன்றைக்கு அதே நித்திரையைப் பார்த்துச் சிரிக்க என்னால் ஏலாது, ஏனென்றால் இப்போது நித்திரைக்கும் மற்றதற்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, கண் திறந்தபடியே இருக்கும், பார்வை இருக்காது, கடைவாயில் எச்சில் வடியும், அதைப் பார்த்தால் உடனே தேனை எடுக்கவேண்டும். தேன் மேசையில் இருக்கிறது. பஞ்சுக் குச்சிகள் பக்கத்தில். இருக்கிறதா? இருக்கிறது. வயிறு ஏறுகிறது.

மெர்சி மணிலாக்காரி, மருத்துவத் தாதி, கீழ்மாடியில் இருந்தவள், வினிப்பெக்கில் வேலை கிடைத்து, போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே, கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று சொல்லி இவனைக் கூட்டோடு கொண்டுவந்து வைத்தாள். புதுவீட்டுக்காரன் பிராணி வளர்க்க விடமாட்டான், வேறு வீடு பார்த்ததும் வந்து எடுக்கிறேன் என்றாள். பிறகு அவளுக்குக் கலியாணம், பிறகு பிள்ளை, பிறகு நத்தாருக்கு ஒரு கிறிஸ்மஸ் அட்டைப் படம், பிறகு அதுவும் இல்லை. ஒட்டிஸ் என்று பெயர் வைத்திருந்தாள். எனக்கு அது வாய்க்குள் நிற்கவில்லை, ஒட்டி என்று கூப்பிட்டேன், பெயருக்கேற்ற மாதிரி ஒட்டிக்கொண்டான். பாரிஸில் இருக்கிற அக்காவுக்குத் தொலைபேசியில் காட்டினபோது, "உதென்னடி, எலியோ?" என்றாள். கீரிப்பிள்ளை மாதிரி ஒன்று என்றேன். "கீரியெண்டா பாம்பு பிடிக்கும். உங்க கனடாவில எங்க பாம்பு? மாப்பிள்ளை பிடிக்கவேண்டிய வயசில ஒண்டையும் பிடிக்கேல்லை, இப்ப கீரி பிடிச்சு வைச்சிருக்கிறாய்" என்று சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன், அக்கா குத்துவதற்காகச் சொல்வதில்லை, அவளுக்கு வாய் அப்படி. மற்றவர்களிடம் பேசும்போது இவனை அது என்பேன். வீட்டில் இவன். வீட்டில் என்றால் யாரிடம் பேசுகிறேன், இவனிடம்தான், இவனிடமே இவனைப் பற்றி, இவன் இண்டைக்கு என்ன சாப்பிட்டவன், இவன் ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறான் என்று. நன்றாக இருந்த காலத்தில் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளித் துள்ளி வருவான், கதவில் முட்டுவான், கதிரையில் முட்டுவான், தொண்டைக்குள் கொக் கொக் என்று ஒரு சத்தம், அது சிரிப்பு, அதைச் சிரிப்பு இல்லை என்று சொல்கிறவர்களுக்குக் காது இல்லை. என் காலுறைகளைத் திருடிச் சோபாவுக்கு அடியில் சேர்த்து வைப்பான். இப்போது பின்னங்கால் இரண்டும் இழுபடுகின்றன. காலுறைகள் எல்லாம் அலுமாரி லாச்சிக்குள் சோடி சோடியாக இருக்கின்றன.

மிருக வைத்தியர் படம் கீறிக் காட்டினார். கணையத்தில் சின்னச் சின்னக் கட்டி, அது தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரக்கும், இரத்தத்தில் சீனி இறங்கும், இறங்கினால் மூளைக்குப் பட்டினி. வெட்டி எடுக்கலாம், ஆனால் இந்த வயதில் மயக்கமருந்தே ஆபத்து. ஆகவே காலையும் மாலையும் மருந்து, இடைக்கிடை இறைச்சி, இனிப்பு ஒன்றும் இல்லை, தேன் மட்டும் அவசரத்துக்கு, பல் முரசில் தடவ. வலிப்பு வந்தால் வாய்க்குள் விரலை விடாதே, தன்னையறியாமல் கடித்துவிடுவான். எல்லாம் விளங்கியது, நான் நோய்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டே பழகினவள். கடைசியில் அவர் சொன்னதுதான் விளங்கவில்லை. ஊசி போட்டு அனுப்பிவைக்கிற நாள் வரும்போது உனக்கே தெரியும் என்றார். எனக்கே எப்படித் தெரியும்? யாராவது சொன்னால் தெரியும். இவன் சொல்லமாட்டான். இவனுக்கு நோகிறதா, அலுப்பா, போதுமா, இன்னும் கொஞ்சம் என்கிறானா, காலை ஆறு மணிக்கு என் புறங்கையை நக்கினானே, அது நன்றியா, உப்புக்கா. உலகத்தில் எல்லாரும் சொல்வதை இன்னொருவருக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன், என் மடியில் கிடக்கிறவன் என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த நினைப்பு வந்தால் இங்கேயே சுற்றும். இதை விடவேண்டும். வயிறு ஏறுகிறது.

சம்பளம் என்றதும் ஞாபகம் வருகிறது, நான் வேலையில் இருக்கிறேன், காதில் கருவி மாட்டியிருக்கிறேன், கணினித் திரையில் பச்சை விளக்கு. எந்த நேரமும் மணி அடிக்கலாம். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பது என் வேலை, எங்கிருந்தும் கூப்பிடுவார்கள், வைத்தியசாலை, பொலிஸ், பள்ளிக்கூடம், வீட்டு வாடகைக் கந்தோர். யாருடைய முகமும் தெரியாது. பெயர் சொல்லக்கூடாது. அவர் சொல்கிறார் என்று சொல்லக்கூடாது, அவராகவே சொல்லவேண்டும், எனக்கு நெஞ்சு நோகுது என்று அவர் சொன்னால் நானும் எனக்கு நெஞ்சு நோகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். எனக்கு ஆறு பிள்ளைகள். என்னை அடித்தவர் என் மனுசன். எனக்குச் சாகப் பயமில்லை. இப்படி எத்தனையோ பேராக இருந்திருக்கிறேன். நானாக ஏதும் சொல்லவேண்டி வந்தால், தெளிவாகக் கேட்கவில்லை என்றாலும்கூட, மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை, மொழிபெயர்ப்பாளர் திரும்பச் சொல்லும்படி கேட்கிறார் என்று யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லவேண்டும். முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது தனியே இருக்கும்போதும் சிலவேளை வருகிறது, மொழிபெயர்ப்பாளருக்குப் பசிக்கிறது, மொழிபெயர்ப்பாளர் போய்ப் படுக்கலாம். இந்த வேலைக்கு முன் அண்ணா வீட்டில் இருந்தேன். அண்ணாதான் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டது, அண்ணாவும் அண்ணியும் வேலைக்குப் போக நான் பிள்ளைகள் இரண்டையும் வளர்த்தேன், மாமி மாமி என்று சேலையைப் பிடித்துக்கொண்டு திரிந்ததுகள், பிறகு நான் சேலை உடுப்பதை விட்டேன், அதுகள் தமிழை விட்டதுகள். ஒருத்தன் கல்கரியில், ஒருத்தி லண்டனில். பிறந்தநாளுக்குத் தொலைபேசியில் ஒரு சிவப்பு இதயம் வரும். நானும் ஒரு இதயம் அனுப்புவேன். இதயத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், அதனால்தான் அதோடு நின்றுவிடுகிறது. கோபம் இல்லை, பிள்ளைகள் வளர்ந்தால் போகத்தானே வேண்டும், போகாவிட்டால்தான் வளர்த்ததில் பிழை.

மணி அடிக்கிறது. ஒட்டியின் காது அசைகிறது, நல்லது, காது அசைந்தால் நல்லது. வைத்தியசாலை ஒன்று, எந்த ஊர் என்று சொல்லவில்லை. டொக்டர் ஒரு பெண், இளம் குரல், ஆனால் களைத்துப்போன குரல். நோயாளியின் பெயர் நேசம்மா, எழுபது தாண்டியவர், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன, மகன் வேலையில், அவர் தனியாகத்தான் இருக்கிறார், இன்றைக்கு முக்கியமான கதை ஒன்று கதைக்கவேண்டும். நான் வழக்கமான வார்த்தைகளைச் சொல்கிறேன், வணக்கம் அம்மா, நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர், நீங்கள் சொல்லுறதெல்லாத்தையும் அப்படியே டொக்டருக்குச் சொல்லுவன், டொக்டர் சொல்லுறதையும் உங்களுக்குச் சொல்லுவன். "ஓம் பிள்ளை, சொல்லும். சுத்தமான தமிழ் கேட்டுக் கன நாள். நீர் எவடம்?" என்கிறது அந்தக் குரல், கரகரப்பான, ஆனால் உசாரான குரல். நீர் எவடம், எந்த ஊர், என்பதையும் நான் ஆங்கிலத்தில் டொக்டருக்குச் சொல்லவேண்டும், சொல்கிறேன், மொழிபெயர்ப்பாளர் சொந்த விபரம் சொல்ல அனுமதி இல்லை என்று இரண்டு மொழியிலும் சொல்கிறேன். "ஆ, சட்டமோ" என்கிறார் நேசம்மா, அதையும் சொல்கிறேன்.

டொக்டர் மெல்ல மெல்லப் படிப்படியாகச் சொல்கிறார். இரத்தத்தைச் சுத்திகரிக்கும் மெசின் இருக்கிறது, கிழமையில் மூன்று நாள் வந்து படுக்கவேண்டும், உங்கள் இருதயம் பலவீனம், மெசின் உங்களை இன்னும் களைக்கப்பண்ணலாம். இன்னொரு வழியும் இருக்கிறது, மெசின் இல்லாமல், வருத்தத்தை மாற்றப் பார்க்காமல், நோவும் மூச்சுமுட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்வது, கம்ஃபர்ட் கெயர். ஆறுதல் பராமரிப்பு என்று நான் சொல்கிறேன், சொல்லிவிட்டு அங்கேயே தடுக்குப்படுகிறேன், ஏனென்றால் எங்களுடைய ஊர்ப் பேச்சில் ஆறுதலாக என்றால் மெதுவாக, ஆறுதலாப் போ, ஆறுதலாச் சாப்பிடு. நேசம்மாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. "ஆறுதலாச் செய்யிற வைத்தியமோ? அவசரமில்லாமலோ?" என்கிறார். நான் அதை டொக்டருக்கு விளக்குகிறேன். டொக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓம், அப்படியும் சொல்லலாம், அவசரமில்லாமல் என்கிறார். நல்ல பெண். "டொக்டர் பிள்ளையிட்டக் கேளும், உம்மட அம்மா எண்டா எதைச் சொல்லுவீர் எண்டு." கேட்கிறேன். என் அம்மா என்றால் முதலில் அழுவேன், பிறகு அவவிடம் கேட்பேன், நான் தீர்மானிக்க மாட்டேன் என்கிறார் டொக்டர். இதை நான் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போது மடியில் சட்டை அசைகிறது. கனவாக இருக்கும். கனவில் ஓடுவான். குனிந்து பார்க்கிறேன். கண் திறந்திருக்கிறது. பார்வை இல்லை.

எச்சில். முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறான், வாய்க்குள் ஏதோ சிக்கியிருப்பது போல, சிக்கவில்லை, இதுதான் அது. காதுக்குள் டொக்டர் தொடர்கிறார், நேசம்மா எவ்வளவு காலம் என்று கேட்டிருக்கிறார், நான்தான் அதை மொழிபெயர்த்திருக்கவேண்டும், மொழிபெயர்த்திருக்கிறேன், என் வாய் தன் பாட்டில் வேலை செய்கிறது. கால்கள் காற்றில் ஓடத் தொடங்குகின்றன, கழுத்து பின்னால் வளைகிறது, சின்னதாக ஒரு கத்தல், இப்படி அவன் முன்பு கத்தினது இல்லை. இடது கையால் சட்டையோடு சேர்த்துப் பிடிக்கிறேன். வலது கையால் தேன் போத்தல், மூடி இறுக்கம், பல்லால் திறக்கிறேன். இப்போது இணைப்பை விட முடியாது, மனிசியின் வாழ்வு சாவு நடுவில் நிற்கிறது, இதை விட்டால் இன்னொரு ஆளைத் தேடி எடுக்க நேரமாகும், அதுவரை அவர் எவ்வளவு காலம் என்று கேட்டுவிட்டுப் பதிலில்லாமல் கிடக்கவேண்டும். இவனையும் விட முடியாது. மெசின் இல்லாவிட்டால், என்கிறார் டொக்டர், கிழமைகள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றிரண்டு மாதம். மெசின் இல்லாவிட்டால், என்கிறேன் நான், பஞ்சுக் குச்சியைத் தேனில் தோய்த்து அவன் உதட்டைத் தூக்கி முரசில் தடவியபடி, கிழமைகள், என்கிறேன், கிழமைகள் என்ற சொல் பாதியில் முறிகிறது, திரும்பச் சொல்கிறேன், கிழமைகள், அதிர்ஷ்டம் இருந்தா. மேலே வரவில்லை.

"பிள்ளை" என்கிறார் நேசம்மா. "ஏன் உம்மட குரல் நடுங்குது? சாகப்போறது நானெல்லோ. உமக்கே சொன்னாங்கள்?"

அவர் என்ன சொன்னார் என்று கேட்கிறார் டொக்டர். எல்லாவற்றையும் சொல்லவேண்டும், அதுதான் சட்டம், ஆகவே சொல்கிறேன், பிள்ளை, ஏன் உன் குரல் நடுங்குகிறது, சாகப்போவது நான் அல்லவா, உனக்கா சொன்னார்கள். மொழிபெயர்ப்பாளரே, நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்கிறார் டொக்டர். இதையும் தமிழில் சொல்லவேண்டும். டொக்டர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கிறார் சுகமா எண்டு. "அதைத்தானே நானும் கேட்டனான்" என்கிறார் நேசம்மா. ஒட்டியின் கால்கள் இன்னும் ஓடுகின்றன, எங்கே ஓடுகிறான். மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிடம் கேட்கிறார், என்கிறேன், முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு பிராணி இருக்கிறது. அதுக்கு வலிப்பு வந்திட்டுது. மொழிபெயர்ப்பாளருக்கு ரெண்டு கையும் வேணும்.

"சீவன் எல்லோ" என்கிறார் நேசம்மா உடனே. "பாரும், முதல் அதைப் பாரும். நான் எங்க ஓடப்போறன்? டொக்டரையும் நிக்கச் சொல்லும்." டொக்டர் நான் சொல்லும்முன்பே, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், காத்திருக்கிறோம் என்கிறார்.

காதுக் கருவியைக் கழற்றக்கூட நேரமில்லை. இன்னொரு குச்சி, இன்னும் தேன், மேல் முரசு, கீழ் முரசு, கூரான சின்னப் பற்களில் தேன் மினுங்குகிறது, ஒட்டி, ஒட்டி, இஞ்ச பார், இஞ்ச பாரடா. காதுக்குள் அந்த அறை கேட்டுக்கொண்டே இருக்கிறது, எங்கேயோ ஒரு மெசினின் பீப், கதிரை இழுபடும் சத்தம், டொக்டர் உட்காருகிறார் போல. நான் இல்லாமல் அவர்கள் இரண்டு பேரும் தனியாக, பொதுவாக ஒரு மொழியும் இல்லாமல். நேசம்மா கேட்கிறார், "யூ. பேபி?" டொக்டர் சிரித்து ஒன்று என்கிறார் ஆங்கிலத்தில். "போய்? கேர்ள்?" கேர்ள். "மை சன், வன். ஃபைவ் போய் லொஸ்ட்" என்கிறார் நேசம்மா, லொஸ்ட் என்றால் அவர் எதைச் சொல்கிறார், வயிற்றிலா, யுத்தத்திலா, ஐந்து பேரா, அல்லது ஐந்து வயதுப் பையன் ஒருவனா, நான் கேட்டுத் தெளிவுபடுத்தியிருக்கவேண்டும், ஆனால் நான் இப்போது அங்கே இல்லை, நான் ஒரு நிமிடம் கேட்டிருக்கிறேன். டொக்டர் ஐ ஆம் சொறி என்கிறார். பிறகு ஒன்றும் இல்லை. கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்காமலும் இருந்திருக்கலாம். ஒட்டியின் கால்கள் மெதுவாகின்றன. ஓடி ஓடிக் களைத்தவன் போல. கழுத்து நிமிருகிறது. நாக்கு வெளியே வருகிறது, உதட்டை நக்குகிறான், ஒருமுறை, இன்னொரு முறை, தேன் என்று கண்டுபிடித்துவிட்டான், கள்ளன், கண்ணுக்குள் ஆள் திரும்பி வருவது தெரிகிறது, என்னைப் பார்க்கிறான், நான் யாரென்று யோசிக்கிறான், பிறகு தலையை என் மணிக்கட்டில் போடுகிறான். என் முழங்கை எல்லாம் தேன்.

மொழிபெயர்ப்பாளர் திரும்ப வந்துவிட்டார் என்கிறேன். மன்னிக்கவேண்டும் என்கிறேன். "என்ன சீவன் அது? நாயோ?" கீரி மாதிரி ஒண்டு அம்மா. "கீரியோ! கடிச்சுப்போடாதோ?" கடிக்காது. "பேர் என்ன?" ஒட்டி. டொக்டருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போகிறேன், கீரி, கடி, பெயர், அவர் சிரிக்கிறது கேட்கிறது. நேசம்மாவும் சிரிக்கிறார். "ஆரோட ஒட்டி?" என்கிறார். என்னோட, என்கிறேன், சட்டத்தை மறந்து. அவர் என்ன கேட்டார் என்கிறார் டொக்டர். இதை மட்டும் மொழிபெயர்க்கமுடியாது, மொழிபெயர்ப்பாளர் மன்னிப்புக் கேட்கிறார் என்கிறேன்.

பிறகு குரல்கள் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. டொக்டர் மறுபடி மெல்லக் கேட்கிறார், உங்களுக்கு எது விருப்பம், இன்றைக்கே சொல்லவேண்டும் என்று இல்லை. நேசம்மா கொஞ்ச நேரம் மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது. அந்த மூச்சையும் நான் எண்ணத் தொடங்கி விடுகிறேன், ஏறுகிறது, இறங்குகிறது, பழக்கம். "மெசின் வேண்டாம் எண்டு சொல்லும் பிள்ளை. கட்டிலில கட்டிப்போட்டு என்னைக் கழுவிக் கழுவி எடுக்கத் தேவையில்லை. ஆறுதலாப் போறன். ஆனா எழுதவேண்டாம் எண்டு சொல்லும். பின்னேரம் மகன் வருவான், அவனுக்கு நான் முதல் சொல்லவேணும். அவன் கத்துவான். கத்தட்டும்." நான் சொல்கிறேன், எனக்கு மெசின் வேண்டாம், ஆறுதலாகப் போகிறேன், என் மகன் கத்துவான், கத்தட்டும். என் குரல் நேராக இருக்கிறது. மகனோடு கதைக்கும்போதும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்கிறார் டொக்டர். "எனக்கும் என்ட பிள்ளைக்கும் நடுவில ஆளோ?" என்கிறார் நேசம்மா. "அவனுக்குத் தமிழ் வடிவா விளங்கும். விளங்காத மாதிரி இருப்பான். அது வேற." பிறகு எனக்கு, சட்டப்படி எனக்கு ஒன்றும் சொல்லக்கூடாது, ஆனாலும் எனக்கு, "பிள்ளை, உம்மட சீவனுக்கு வருத்தமெண்டா அதை வைத்தியரிட்டக் கொண்டு போம். பாத்துக்கொண்டிருந்தா மாறுமே?" டொக்டருக்கு இதையும் சொல்கிறேன், பிள்ளை, உன் பிராணிக்கு வருத்தம் என்றால் வைத்தியரிடம் கொண்டு போ, பார்த்துக்கொண்டிருந்தால் மாறுமா. நான் ஒத்துக்கொள்கிறேன் என்கிறார் டொக்டர். இணைப்பு அறுகிறது. அந்த மகன் எப்படிக் கத்துவான், நேசம்மா எப்போது, அந்த ஐந்து யார், எதுவும் எனக்கு இனித் தெரியவராது, இந்த வேலையில் எல்லாம் நடுவில் தொடங்கி நடுவில் முடியும்.

இறைச்சிக் கஞ்சியை இளஞ்சூடாக்கி ஊசி போடாத சிரிஞ்சில் எடுத்துக் கடைவாயில் துளித் துளியாக விடுகிறேன். இரண்டு துளி குடிக்கிறான், மூன்றாவதைத் துப்புகிறான், என் சட்டையில் முகத்தைத் துடைக்கிறான். திரையில் அடுத்த அழைப்புக்குத் தயாரா என்று கேட்கிறது. விளக்கைச் சிவப்பாக்கி விடுகிறேன். பார்த்துக்கொண்டிருந்தால் மாறாதுதான். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் இருக்கிறான். வைத்தியரிடம் கொண்டுபோனால் அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுவார், கழற்றினால் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும், அதுதான் அந்த நாளா, உனக்கே தெரியும் என்ற நாள் இப்படித்தான் தெரியுமா, அல்லது இன்றைக்கு இன்னும் கொஞ்சம் மருந்தைக் கூட்டித் தந்து அனுப்புவாரா, கூட்டித் தரலாம், இரண்டு துளி குடித்தானே, உதட்டை நக்கினானே. இவன் போனால் இந்த வீட்டில் நான் யாரோடு தமிழ் கதைப்பேன். அந்தக் கேள்வி வந்ததும் நானே திடுக்கிட்டுப் போகிறேன், நாள் முழுக்கத் தமிழ் கதைக்கிறேன், ஆனால் அது என் தமிழ் இல்லை, கடன் வாங்கி உடனே திருப்பிக் கொடுக்கிறது. என் தமிழைக் கேட்கிற காது இந்த வீட்டில் இரண்டு, ஒவ்வொன்றும் என் பெருவிரல் நகம் அளவு. கை தானாகத் தொலைபேசியை எடுக்கிறது. மிருக வைத்தியசாலையின் இலக்கம் விரலுக்குப் பாடம்.

புதுக்குரல். ஒரு பெண், வழக்கமான ஆள் இல்லை. நான் உங்களுக்கு எப்படி உதவலாம் என்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியும். எனக்கு அந்த மொழியில் வலிப்பு, கணையம், ஸ்டெரொயிட், எல்லாவற்றுக்கும் சொல் தெரியும், இருபது வருசமாக அந்தச் சொற்களால்தான் சாப்பிடுகிறேன். வாயைத் திறக்கிறேன். மை, என்கிறேன். மை ஃபெரெட். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை, சொற்கள் இருக்கிற இடம் தெரிகிறது, எடுக்க ஏலவில்லை, இவ்வளவு நாளும் அந்த மொழியில் நான் என்று சொன்னதெல்லாம் மற்ற ஆட்கள், எனக்கென்று அங்கே ஒரு நான் இல்லை. மூச்சு மட்டும் போகிறது. அவள் அவசரப்படவில்லை. பிறகு, கொஞ்சம் உரக்க, ஒவ்வொரு சொல்லாக, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, எங்களிடம் தொலைபேசியில் வசதி இருக்கிறது, என்ன மொழி என்று கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். சிரித்துவிட்டு, இல்லை, நானே மொழிபெயர்ப்பாளர்தான் என்று சொல்லப்போகிறேன். தமிழ், என்கிறேன்.

காத்திருக்கும் இசை. பிறகு ஒரு இளம் ஆண்குரல், தமிழ்நாட்டுப் பிள்ளை. "வணக்கம்ங்க, நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். நீங்க சொல்ற எல்லாத்தையும் அப்படியே அவங்ககிட்ட சொல்லுவேன். கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க." எவ்வளவு நன்றாகச் சொல்கிறான். நான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். என்னட்ட ஒரு ஃபெரெட் இருக்கு. அவனுக்கு வயசு போட்டுது. இப்ப வலிப்பு வந்து, தேன் பூசி எழுப்பியிருக்கிறன். அவன் ஆங்கிலத்தில் என்னிடம் ஒரு ஃபெரெட் இருக்கிறது என்று சொல்கிறான், அவனுடைய ஆண்குரலில் அது நானாக இருக்கிறது. நான் தனிய இருக்கிறன். இனி ஏலாமக் கிடக்கு.

"மன்னிக்கணும்ங்க" என்கிறான், "ஏலாமன்னா முடியலைன்னு எடுத்துக்கலாங்களா?"

ஓம்.

"யாருக்கு முடியலைங்க? அதுக்கா, உங்களுக்கா?"

ஒட்டி என் மணிக்கட்டில் கிடக்கிறான், வெதுவெதுப்பாக, கொஞ்சம் கஸ்தூரி மணத்தோடு, கண்ணைத் திறந்தபடி, பார்வையோடு.

"எனக்கு" என்கிறேன்.

அவன் சொல்கிறான், நான் தனியாக இருக்கிறேன், இனி என்னால் முடியவில்லை. அவன் குரல் நடுங்கவில்லை, நல்ல மொழிபெயர்ப்பாளன். மறுபக்கத்தில் விசைப்பலகைச் சத்தம் நிற்கிறது. அந்தப் பெண் அவனிடம் பேசவில்லை, என்னிடமே பேசுகிறாள், ஆங்கிலம் தெரியாத ஒருத்திக்கு விளங்கவேண்டும் என்று சொல் சொல்லாகப் பிய்த்து, "யூ கம் நௌ. ஓகே? பிறிங் ஹிம். டொக்டர் ஹியர். வீ வெயிட் ஃபோர் யூ."

நான் எழும்பி நிற்கிறேன். ஒட்டியைச் சட்டையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு குளிர்க்கோட்டை எட்டி எடுக்கிறேன்.

"ஓகே" என்கிறேன்.

அந்தப் பையன் அதையும் மொழிபெயர்க்கிறான்.